நீண்ட கதையும் குறுகிய தீர்ப்பும்

நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களுள் ஒன்றில், பள்ளிவாசலை அடுத்த கட்டடத்தின் மாடியில் ஒரு சிறு நூலகம் உண்டு. ஊர்ப்பெயரை எழுதி எவரையும் நாணச் செய்வது நம் நோக்கமன்று. ஆதலின் பெயர் வேண்டா. திருக்குர்ஆன் விரிவுரைகள், ஹதீஸ் தமிழாக்கங்கள், சீறாப்புராணப் பதிப்பொன்று, கதை நூல்கள் என்று அங்கே நான்கு அலமாரிகள் இருக்கின்றன. சென்ற மாதம் அந்நூலகக் குழு கூடிற்று. கதை நூல்களை முற்றிலும் அப்புறப்படுத்திவிட்டு அவ்விடத்தில் போட்டித் தேர்வு வழிகாட்டிகளை வைப்பது என்பது தீர்மானம். தேர்வு நூல்கள் கூடா என்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்கென ஐந்தாவது அலமாரி ஒன்று வாங்கலாம். அதன் விலை அப்படியொன்றும் மலைப்பானதன்று.

தீர்மானத்தை முன்மொழிந்த அன்பர், எடுத்துக்காட்டுக்காக ஒரு நூலை உருவி, தராசில் வைப்பவர்போல் கையில் ஏந்திக் காட்டினார். டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா', பேராசிரியர் நா. தர்மராஜன் அவர்கள் தமிழாக்கியது. "ஹஜ்ரத் அவர்களே சொல்லட்டும்" என்று நம் பக்கம் திரும்பினார். "முதலாவது, இது முழுக்கப் பொய். இரண்டாவது, புருஷனையும் பிள்ளையையும் விட்டுப் போன ஒருத்தியின் கதை. மூன்றாவது, அதையும் இத்தனை பக்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள். கைப்பேசியைக் கேட்டால் அரை நிமிடத்தில் கதையைச் சொல்லிவிடுகிறது. இதை யார் படிக்கப் போகிறார்கள்?"

அன்று நாம் வாய் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அரபு இலக்கணம் கற்பித்து வரும் நாவுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. வீடு திரும்பிய பின்னரே விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இறுதிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். யார் படிக்கிறார்கள்? நூலகத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம். அந்நூல் பத்துக்கு மேற்பட்ட முறை வெளியே சென்று வந்திருக்கிறது. எடுத்துச் சென்றவர்களின் பெயர்களைக் கண்டபோது வியப்பு மேலிட்டது. பெரும்பாலும் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பையன்கள்! எந்த எட்டாம் வகுப்பு மாணவன் டால்ஸ்டாயைப் படிக்கிறான்? சிறிது எண்ணிப் பார்த்ததும் விளங்கிற்று. அந்த மாடிப்படியில் நம் வீட்டுப் பெண்கள் ஏறுவதில்லை, ஏறக் கூடாதென்று எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆயினும் ஏறுவதில்லை. தம்பியை அனுப்புகிறார்கள், மகனை அனுப்புகிறார்கள். அந்தப் பிஞ்சுக் கையெழுத்துகளுக்குப் பின்னால் அக்காமார்களும் தாய்மார்களும் நின்றுகொண்டிருக்கிறார்கள். 'யார் படிக்கப் போகிறார்கள்' என்று கேட்ட குழுவில் அவர்களுள் ஒருவரும் இல்லை.

இனி, 'பொய்' என்னும் குற்றச்சாட்டு. மதரஸாக்களில் ஓதிப் பட்டம் பெற்ற மௌலவிகளைப் பார்த்து ஒன்று கேட்கிறோம். அரபு இலக்கியப் பாடமாக நாம் எதை ஓதினோம்? இமாம் ஹரீரீ அவர்களின் 'மகாமாத்' அல்லவா? ஐம்பது மகாமாக்களிலும் வருகின்ற சரூஜ் நகரத்து அபூஸைத் என்பவன் யார்? ஊர் ஊராய்ச் சென்று, நாவன்மையால் மக்களை மயக்கிக் காசு பறிக்கும் எத்தன். முதல் மகாமாவிலேயே, சன்ஆ நகரில் கேட்டோர் கண்ணீர் மல்க உபதேசம் செய்துவிட்டு, குகைக்குள் சென்று பொரித்த ஆட்டிறைச்சியும் மதுச்சாடியுமாய் அமர்ந்திருப்பவன் அவன்தான். அதை நம் உஸ்தாதுமார்கள் எழுத்தெழுத்தாக நமக்குக் கற்பித்தார்கள். நாமும் நம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். ஹரீரீ அவர்கள் 1122இல் மறைந்தார்கள். 'இவை பொய்க்கதைகள் அல்லவா' என்று தம்மைக் கேட்கக் கூடியவர்கள் உண்டென்பதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் வைத்துப் புனைந்த கதைகளை அறிவுடையோர் எவரும் வெறுத்ததில்லையே என்று முன்னுரையிலேயே அதற்கு விடையும் இறுத்துவிட்டார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன வழக்கை நம் நூலகக் குழு மீண்டும் விசாரணைக்கு எடுத்திருக்கிறது!

தமிழிலும் நாவல் என்பது நமக்கு அந்நியச் சரக்கன்று. 'அன்னா கரீனினா' நூலுருப் பெற்றது 1878இல். அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1885இல், இலங்கையில் சித்திலெவ்வை அவர்கள் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார்கள். தமிழ் நாவல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருந்த காலம் அது. அதை எழுதியவர் வேலையற்ற வீணர் அல்லர். 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தி, முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபட்ட வழக்கறிஞர். கதை எழுதுவதும் பள்ளிக்கூடம் கட்டுவதும் ஒரே பணியின் இரு கைகள் என்று கண்டவர். பொய் என்னும் குற்றச்சாட்டுக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது கனமானது, ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் தம் பெண்மக்கள் மீது கொண்ட அக்கறையால் சொல்கிறார்கள். வழி தவறிய ஒரு பெண்ணின் கதை நம் இல்லங்களுக்குள் வரலாமா?

வந்துவிட்டதே, என்ன செய்வது? திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயமான யூஸுஃப் சூராவை ஓதாத முஸ்லிம் இல்லம் உண்டா? வரலாறுகளுள் மிக அழகியது என்று இறைவனே சிறப்பித்த அந்த வரலாற்றின் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். அமைச்சரின் மனைவி, கதவுகளை அடைத்தவள், குற்றமற்றவர் மீது பழி சுமத்தியவள். இறைமறை அவளை மறைக்கவில்லை. அவள் செயலை மெழுகவுமில்லை. அத்தோடு, அவளைப் பற்றி ஊருக்குள் கிசுகிசுத்த நகரத்துப் பெண்களையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்கள் விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள்; கையில் கத்தி கொடுக்கப்படுகிறது; யூஸுஃப் நபியைக் கண்டதும் தம் கைகளையே வெட்டிக்கொள்கிறார்கள். பழி தூற்றிய கைகள் அவை! பின்னர் அந்த அமைச்சரின் மனைவி, குற்றம் தன்னுடையதே என்று சபையறிய ஒப்புக்கொள்கிறாள். அதை அடுத்து, மனித மனம் தீமையைத் தூண்டக் கூடியது, தன்னைத் தூய்மையானதென்று சொல்லிக்கொள்ள இயலாது என்னும் கருத்தமைந்த வசனம் வருகிறது. இது யாருடைய கூற்று என்பதில் விரிவுரையாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. யூஸுஃப் நபியின் கூற்று என்பார் சிலர். இப்னு கஸீர் அவர்களோ, அது அப்பெண்ணின் கூற்று என்பதே பொருத்தம் என்கிறார்கள். அப்படியாயின், அவள் வாயால் மொழியப்பட்ட தன்னிலை உணர்வை நாம் தொழுகையிலும் ஓதிக்கொண்டிருக்கிறோம் என்றாகிறது. தவறியவளின் கதை வீட்டுக்குள் வரலாகாது என்போர் இதற்கு என்ன சொல்வார்கள்?

டால்ஸ்டாயை வேதத்தோடு ஒப்பிடுவதாக எவரும் நம்மீது பாய வேண்டா. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். தவறு செய்தவரின் கதையைக் கேட்பது தவறு செய்யக் கற்பதாகாது என்று மட்டுமே சொல்கிறோம். பிறர் மானத்தின் மீது பழி சொல்வோனிடம் நான்கு சாட்சிகளைக் கேட்டு, இல்லையெனில் எண்பது கசையடி என்று நூர் சூராவில் விதித்த மார்க்கம் நம்முடையது. ஆனால் நம் தெருக்களில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எத்தனை சாட்சிகள் தேவைப்படுகின்றன? தேநீர்க் கடையில் ஒருவர் புருவத்தை உயர்த்தினால் போதும்!

இந்த நாவல் பிறந்த விதமே இதற்குச் சான்று. 1872 ஜனவரியில், டால்ஸ்டாயின் பண்ணையை அடுத்து வாழ்ந்த அன்னா என்னும் ஒரு பெண், தன்னை வைத்திருந்தவர் கைவிட்டதால், அருகிலிருந்த யாஸெங்கி நிலையத்தில் சரக்கு வண்டியின் முன் விழுந்து மாண்டாள். டால்ஸ்டாய் நேரில் சென்று அச்சடலத்தைப் பார்த்தார். அடுத்த ஆண்டு எழுதத் தொடங்கினார். முதல் வரைவுகளில் கதைத் தலைவியை அழகும் பண்பும் குறைந்தவளாகவும், கணவனை நல்லவனாகவும் படைத்திருந்தார் என்பது அவருடைய கையெழுத்துப் படிகளை ஆராய்ந்தோர் கண்டு சொன்ன செய்தி. அவரும் நம் நூலகக் குழுவினரைப் போலத்தான் தொடங்கியிருக்கிறார்! ஆனால் அவர் ஓராண்டு, ஈராண்டு, நான்காண்டு என்று அவளோடு இருந்தார். இருக்க இருக்க அவள் மாறினாள், கணவனும் மாறினான், தீர்ப்பு எழுத எடுத்த பேனா திரும்பத் திரும்ப நின்றது. நூலின் முகப்பில், பழிவாங்கும் உரிமை இறைவனுக்கே உரியது என்னும் கருத்துடைய வேத வாசகம் ஒன்றைப் பொறித்து வைத்தார். எழுதியவருக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்த மனமாற்றம், படிப்பவருக்கு அரை நிமிடத்தில் வருமா?

இங்கேதான் மூன்றாம் குற்றச்சாட்டு, அதாவது நீளம், வந்து நிற்கிறது. இதைப் பற்றி நாம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். நீளமாய் இருந்தும் மக்கள் அந்நூலை நேசிக்கிறார்கள் என்று பலரும் பரிவோடு சொல்கிறார்கள். அது தவறு, நீளமாய் இருப்பதாலேயே நேசிக்கிறார்கள்.

கரீனினை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னாவின் கணவர், உயர் அதிகாரி, விரல்களை நெட்டி முறிக்கும் பழக்கமுள்ள, சட்டப் புத்தகம்போல் பேசுகின்ற உலர்ந்த மனிதர். முதல் நூறு பக்கங்களில் எவருக்கும் அவரைப் பிடிக்காது. கைப்பேசிச் சுருக்கத்தில் அவர் 'அன்பற்ற கணவர்' என்னும் இரு சொற்களோடு முடிந்துபோகிறார். ஆனால் பொறுமையாய்ப் படித்துச் செல்பவர் ஓரிடத்துக்கு வருகிறார். பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் அன்னா சாகக் கிடக்கிறாள். அவள் இறந்தால் நன்றென்று எண்ணியே வந்த கரீனின், படுக்கையருகே முழந்தாளிட்டு அழுகிறார், மன்னிக்கிறார், அவளோடு உறவு பூண்ட விரோன்ஸ்கியின் முன்னாலேயே மன்னிக்கிறார். பிறந்த பெண் குழந்தை தன் இரத்தம் அன்று என்று தெரிந்தும், செவிலியிடம் பால் போதாமல் அது வாடுகிறது என்று கண்டு மருத்துவரை அழைக்கிறார். தொட்டிலருகே சென்று நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்விடத்தைப் படித்து முடித்த இரவு நாம் நூலை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தோம். அந்த மனிதரை நூறு பக்கங்களாக வெறுத்துவந்தவர்கள் நாமே அல்லவா? அந்த வெறுப்பு இல்லாமற்போனால் இந்த வெட்கமும் இல்லை. சுருக்கத்தில் இரண்டுமே கிடையா.

அந்த நல்ல மனிதரை நல்லவராகவே இருக்க ஊர் விட்டதா? இல்லை. லிடியா இவானோவ்னா என்றொரு சீமாட்டி வருகிறார். வாயைத் திறந்தால் வேதம். கண்ணை மூடினால் பிரார்த்தனை. அவர்தான் அந்த வீட்டுச் சிறுவன் செரியோஷாவிடம், உயிரோடிருக்கும் அவன் தாயை இறந்துவிட்டாள் என்று சொல்கிறார்! தக்வாவின் பெயரால் செய்யப்படும் கொடுமைகளுள் இதைவிட நுட்பமாக எழுதப்பட்டதொன்றை நாம் படித்ததில்லை. சிறுவன் நம்பவில்லை. உலாவச் செல்லும்போதெல்லாம், கடந்து போகும் பெண்களில் எவளாவது தன் தாயாய் இருப்பாளோ என்று பார்க்கிறான். அவனுடைய பிறந்த நாளன்று விடியற்காலையில், முகத்திரையிட்டு, தன் சொந்த வீட்டுக்குள்ளேயே திருடிபோல் நுழைகிறாள் அன்னா. அவனுக்கென்று வாங்கிய விளையாட்டுப் பொருள்களைக் கொடுக்க மறந்து, அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். இந்த ஒரு செய்திக்காகவே இந்நூலை நம் இல்லத்தார் மூன்று முறை படித்தார்கள்.

ஆனால் அவர்கள் கண்கலங்கியது அன்னாவுக்காக அன்று, டாலிக்காக. டாலி என்பவள் அன்னாவின் அண்ணன் மனைவி. பல பிள்ளைகளின் தாய். கணவனால் வஞ்சிக்கப்பட்டும் குடும்பத்தைக் கட்டி இழுத்துச் செல்பவள். ஒருநாள் அன்னாவைக் காண வண்டியில் தனியே புறப்படுகிறாள். வீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே எதையும் எண்ணிப் பார்க்க நேரமில்லாதவளுக்கு, அந்தச் சில மணி நேரப் பயணத்தில் வாழ்க்கை முழுவதும் மனத்தில் வந்து கொட்டுகிறது. பேறு, பால் கொடுத்தல், நோய், இழந்த மகவு, அடுத்த பேறு. எல்லாம் எதற்காக என்று கேட்டுக்கொள்கிறாள். அன்னா செய்ததில் தவறென்ன என்றுகூட ஒரு கணம் நினைக்கிறாள். போய்ச் சேர்ந்த மாளிகையில், ஒட்டுப்போட்ட தன் உடுப்பைப் பணிப்பெண் பார்த்துவிட்டாளே என்று கூசுகிறாள். அங்கே ஒரு நாள் தங்கிய பின், அந்தப் பகட்டு முழுவதும் வேண்டாம், என் பிள்ளைகளிடம் போகவேண்டும் என்று திரும்பிவிடுகிறாள். எவரும் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. வண்டியில் போய், வண்டியில் வந்தாள், அவ்வளவே. வழி தவறிப் போகக் கற்றுக் கொடுக்கும் நூல் என்றார்களே, இந்த அதிகாரத்தை அவர்கள் படித்ததுண்டா? நம் இல்லத்தார் சொன்னார்கள்: "இந்த மனுஷருக்கு யார் சொன்னார்கள் இதையெல்லாம்? பிள்ளை தூங்கிய பிறகு அடுப்படியில் தனியே உட்கார்ந்திருக்கும்போது நினைக்கிற நினைப்பு இது."

ஆண்களும் அந்நூலைத் தம் வழியில் நேசிக்கிறார்கள். உத்தமபாளையத்துப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர் அன்னாவின் கதையை அதிகம் பொருட்படுத்துவதில்லை. அவருக்கு லெவின் போதும். லெவின் கிராமத்துப் பண்ணையாளன். புதிய கருவி வாங்கிப் போட்டால் ஆட்கள் உடைத்துவிடுகிறார்கள். விதைக்கென்று விட்ட தீவனப்புல்லை அறுத்துவிடுகிறார்கள். அவன் ஒரு கணக்குச் சொன்னால் அவர்கள் வேறொரு கணக்குச் சொல்கிறார்கள். "ஹஜ்ரத், இது நம்ம தோட்டத்துக் கதை" என்று அவர் சிரிப்பார். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும் நாளை எண்ணியிருந்து, மழை பொய்த்தாலும் கவலை, கொத்துத் திரளும்போது பெய்தாலும் கவலை என்று வாழ்பவருக்கு லெவினை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்த லெவின் ஒருநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு குடியானவர்களோடு வரிசையில் நின்று புல்லறுக்கிறான். இடுப்பு ஒடிகிறது, வியர்வை வழிகிறது, சற்றைக்கெல்லாம் நேரம் என்பதே மறந்துபோகிறது. கதையில் இதனால் ஒன்றும் நிகழ்வதில்லை. சுருக்குவோர் முதலில் வெட்டி எறியும் இடமும் இதுவே. நம் நண்பரோ அந்தப் பக்கங்களுக்காகவே ஆண்டுதோறும் நூலைத் திரும்ப எடுக்கிறார்.

நமக்கு வேறோர் இடம் உண்டு. லெவினின் அண்ணன் நிக்கொலாய் காசநோயில் சாகும் அதிகாரம். முழு நாவலிலும் தலைப்பிடப்பட்ட அதிகாரம் அது ஒன்றே, தலைப்பு, 'மரணம்'. தத்துவ நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்த லெவின், சாகிறவரின் அறைக்குள் நுழையவே அஞ்சி நடுங்குகிறான். அவன் இளம் மனைவி கிட்டி, படிப்பறிவில் அவனுக்கு ஈடில்லாதவள், உள்ளே சென்று படுக்கையை மாற்றுகிறாள், உடலைத் துடைக்கச் செய்கிறாள், கையைப் பற்றிக்கொள்கிறாள். சகராத்து நேரத்தில் நம் வீடுகளில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கிதாபுகளைச் சுமந்த நாம் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எழுத்தறியாத நம் தாயார் உள்ளே சென்று அத்தாவின் உதட்டை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அதை எழுத நமக்குத் தமிழ் இருந்தது, துணிவு இல்லை. ருசிய நாட்டு மனிதர் ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

குறைகள் இல்லையா? உண்டு. மாகாணப் பிரபுக்களின் தேர்தலைப் பற்றிய அதிகாரங்களில் நாமும் பக்கங்களைத் தள்ளியிருக்கிறோம், பொய் சொல்வானேன்! டால்ஸ்டாயே பிற்காலத்தில், 1898இல் வெளிவந்த தம் கலை பற்றிய நூலில், இரு சிறுகதைகள் நீங்கலாகத் தம் படைப்புகளையெல்லாம் தாழ்ந்த கலையென்று தள்ளிவிட்டார். நம் எதிர்வாதிகளுக்கு இச்செய்தி தெரிந்திருந்தால் தீர்மானத்தில் சேர்த்திருப்பார்கள். ஆசிரியர் தள்ளியதை வாசகர்கள் தள்ளவில்லை. தள்ள அவருக்கு உரிமை உண்டானால், வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

கதையை 'அவள் புகைவண்டியில் விழுந்து சாகிறாள்' என்று முடிப்பவர்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். அன்னாவின் மரணம் ஏழாம் பகுதியின் முடிவில் வருகிறது. நூலுக்கு எட்டாம் பகுதி ஒன்று உண்டு. (நம் பள்ளத்தாக்குக்கும் இருப்புப்பாதைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசினால் தனிக் கட்டுரையாகிவிடும். 2010இல் நின்றுபோன போடி வண்டி 2023இல்தான் திரும்பி வந்தது. கம்பத்துக்கு இன்னும் வந்தபாடில்லை.) அந்த எட்டாம் பகுதி, முஸ்லிம்களாகிய நாம் கருத்தோடு படிக்கவேண்டிய பகுதி.

நாவல் 1875 முதல் ஒரு மாத இதழில் தொடராக வெளிவந்தது. 1876இல் செர்பியா துருக்கி சுல்தானை எதிர்த்துப் போரில் இறங்கிற்று. ருசிய நாடெங்கும் ஆவேசம், தொண்டர் படை, பத்திரிகைகளில் முழக்கம். 1877இல் ருசியாவே போரில் குதித்தது. அந்த வேளையில் எழுதிய எட்டாம் பகுதியில் டால்ஸ்டாய், இந்தப் போர் வெறியை லெவினின் வாயிலாகவும் அவன் மாமனாரின் வாயிலாகவும் ஐயத்துக்கு உள்ளாக்கினார், இகழவும் செய்தார். இதழாசிரியர் கட்கோவ் அப்பகுதியை வெளியிட மறுத்துவிட்டார். டால்ஸ்டாய் பணிந்தாரா? இல்லை; தம் பொறுப்பில் தனி நூலாக அச்சிட்டு வெளியிட்டார். துருக்கியரை வெறுப்பதே தேசபக்தி என்றிருந்த ஆண்டில் ஒரு ருசியப் பிரபு செய்த செயல் இது.

அதே பகுதியின் முடிவில், இடிமழை ஓய்ந்த இரவில், லெவின் மாடத்தில் நின்று விண்மீன்களைப் பார்க்கிறான். நெடுங்காலம் ஐயத்தில் உழன்றவனுக்கு, குடியானவன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்ன சொல்லால் இறைநம்பிக்கை திரும்பியிருக்கிறது. அப்போது அவனுக்கு ஒரு கேள்வி எழுகிறது. யூதர்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள், இவர்களுக்கெல்லாம் இந்தப் பேறு இல்லையென்றா ஆகிவிடும்? சிறிது நேரம் எண்ணியபின், பிற சமயத்தாருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைத் தீர்மானிக்க எனக்கு உரிமையில்லை என்று முடிவு செய்கிறான். நூலின் முகப்பில் இருந்த அதே எண்ணம், ஒரு பெண்ணைப் பற்றித் தொடங்கி, எல்லாச் சமயத்தார் வரையிலும் விரிந்துவிட்டது. அந்த மாடத்துக்கு வந்து சேர எட்டுப் பகுதிகள் தேவைப்பட்டன. சுருக்கம் படித்தவர் நிலையத்திலேயே இறங்கிவிட்டார்.

இந்த மனிதர் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். 1844இல் கஸான் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் சேர்ந்தது கீழை மொழித்துறையில். பயின்றவை அரபும் துருக்கியும். நீடித்துப் படிக்கவில்லை என்பது வேறு. நம் மாணவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. 1904இல் எகிப்தின் முஃப்தி ஷைகு முஹம்மது அப்துஹு அவர்கள் அவருக்கு அன்பு கனிந்த மடல் எழுதினார்கள். அவரும் மறுமொழி எழுதினார். வங்கத்து அப்துல்லாஹ் சுஹ்ரவர்தி அவர்கள் ஆங்கிலத்தில் தொகுத்த நபிமொழிகளைப் படித்து, அவற்றுள் தாம் தெரிந்தெடுத்தவற்றைத் தம் இறுதி ஆண்டுகளில் ருசிய மொழியில் நூலாகக் கொண்டுவந்தார். அல்அஸ்ஹரில் பயின்ற முஃப்தி கடிதம் எழுதித் தேடிய மனிதரின் நூலை, நம் ஊர் மாடியில் வைக்க இடமில்லை என்கிறார்கள்!

1980களில் நாம் மாணவராய் இருந்தபோது, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தார் சோவியத் நூல்களைக் கொண்டுவந்து பரப்பி வைப்பார்கள். வழவழப்பான தாள், கெட்டி அட்டை, மிகக் குறைந்த விலை. மதரஸா உடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நம்மை எவரும் விரட்டவில்லை. அன்று வாங்கிய டால்ஸ்டாய் கதைகள்தாம் பின்னாளில் இந்தப் பெரிய நூலுக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தன. 1991இல் சோவியத் நாடு இல்லாமற்போயிற்று. அந்த மலிவு விலையும் போயிற்று. அந்நூல்களை விற்ற கொள்கை இங்கே வென்றதா தோற்றதா என்பது அவரவர் கட்சி. நாவல் எந்தக் கட்சியையும் நம்பி நிற்கவில்லை. அரசு மானியம் நின்ற பின்னும், தமிழில் அதைத் தம் ஆயுளைச் செலவிட்டு மொழிபெயர்ப்பவர்கள் தோன்றிக்கொண்டே இருந்தார்கள். மதுரைப் பாத்திமா கல்லூரியில் தமிழ் கற்பித்த எம்.ஏ. சுசீலா அவர்கள் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ஆகியவற்றைத் தமிழில் தந்தார்கள். விற்காத சரக்குக்கு இத்தனை பேர் உழைப்பார்களா?

உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி எழுந்தது. மலைகளுக்கு நடுவே, வணிகமும் வேளாண்மையுமாய் இருந்த சமுதாயம் கண்ட கல்லூரி அது. பெரியகுளத்தில் பிறந்த மு. மேத்தா அவர்களைத் தமிழுலகம் முழுவதும் கவிஞர் என்று அறியும். இப்படிப்பட்ட பள்ளத்தாக்கில்தான், ஒரு நூல் தடிமனாய் இருக்கிறது என்பதைக் குற்றமாகச் சொல்லித் தீர்மானம் எழுதுகிறோம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கொண்ட சீறாப்புராணமும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. நீளம் குற்றமானால், உமறுப்புலவரையும் அடுத்த கூட்டத்தில் கூண்டிலேற்ற வேண்டியிருக்கும்!

குழுவினருக்கு நம் வேண்டுகோள் இவ்வளவே. தீர்மானத்தைத் திரும்பப் பெறுக. ஐந்தாவது அலமாரிக்கு ஆகும் தொகையில் பாதியை நாம் தருகிறோம். வாரத்தில் ஒருநாள் பிற்பகல், மாடியைப் பெண்களுக்கென்று ஒதுக்குக. படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறது, அதையும் சரிசெய்க.

அந்த 'அன்னா கரீனினா' இப்போது நூலகத்தில் இல்லை. கூட்டம் கலைந்ததும் பதிவேட்டில் நம் பெயரையே எழுதிக் கையொப்பமிட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். தவணை பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் என்று விதி. தீர்மானம் நீங்கும் வரையில் கட்டிக்கொண்டே இருப்போம்.